பாதியில் அறுந்த மூன்று அழைப்புகள்

"என் தம்பி மூணு மாசமா எதையுமே குறை சொல்லல மேடம். அதான் பயமா இருக்கு."

பல் டாக்டர் இதைச் சொன்னபோது நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்குப் புருஷனைத் தொலைத்தவர்கள் வந்திருக்கிறார்கள், பங்காளியைச் சந்தேகப்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள். தம்பி சந்தோஷமாக இருக்கிறான் என்று புகார் கொடுக்க வந்த முதல் ஆள் இவர்தான்.

"ரொம்ப சீரியஸான கேஸ்தான் டாக்டர். நேரா போலீஸுக்கே போயிருக்கலாமே?" என்றேன்.

"நீ சும்மா இரு வாயாடி," என்றார் கண்ணாடி மேடம்.

அவர் என் முதலாளி. மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று எப்போதும் இரண்டு கண்ணாடியோடு அலைவதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் புளுகர்களைப் பிடித்துவிட்டு, அலுத்துப்போய்த் தனியாகக் கடை விரித்தவர். எனக்கு வாயாடி என்று பெயர் வைத்ததும் அவர்தான். சம்பளம் பொருந்தாவிட்டாலும் பெயராவது பொருந்துகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

டாக்டர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை விமானம். அங்கே ஒரு ஏஜென்ட் மூலம் பிளாட் ஒன்றை வாங்குகிறார். மூன்று மாதம் முன்பே அந்த ஊருக்குப் போய்விட்ட தம்பி, பிளாட்டை நேரில் பார்த்து, பிடித்துப்போய், இப்போது அதிலேயே தங்கியிருக்கிறான். அதை வாங்குவதற்காக இங்கே இருக்கும் சொந்த வீட்டை விற்கிறார். விற்றுக் கொடுப்பவரும் அதே ஏஜென்ட். இன்று மூன்று மணிக்குப் பத்திரப் பதிவு.

சுவரில் மணி பதினொன்று இருபது.

"அப்பா கட்டின வீடு மேடம். எங்களுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அம்மா போன மாசம் அதுலதான் கண்ணை மூடினாங்க. தம்பியால வர முடியல. லீவு கொடுக்கலையாம். நான்தான் போனைப் பிடிச்சுக் காட்டினேன்."

"வீட்டை மட்டும்தான் எழுதித் தர்றீங்களா?"

"கூடவே ஒரு பொது அதிகாரப் பத்திரம். நான் போன பிறகு பாக்கி வேலையை எல்லாம் ஏஜென்டே என் சார்பா முடிச்சுடுவாராம்."

"எல்லா வேலையையும் முடிச்சுடுவார்," என்றார் மேடம். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. "அங்க இருக்கிற வக்கீல் யாராவது பிளாட் பத்திரத்தைப் பார்த்தாங்களா? அந்த ஊர்ப் பதிவு ஆபீஸ்ல யார் பேர்ல இருக்குன்னு கேட்டீங்களா?"

"எதுக்கு மேடம்? சொந்தத் தம்பியே உள்ள உட்கார்ந்திருக்கானே!"

மேடம் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் மாற்றினார். அவர் மண்டைக்குள் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

"தம்பி முன்னாடி எதைக் குறை சொல்லுவான்?"

"எதைத்தான் சொல்ல மாட்டான்? ஹோட்டலுக்குப் போனா டம்ளர் நாறுதும்பான். பஸ்ஸுல ஜன்னல் சரியில்லம்பான். அங்க போனதுலேர்ந்து வீடு அருமை, தண்ணி அருமை, பக்கத்து வீட்டுக்காரன் தங்கம். நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். அது என் தம்பி பேச்சு மாதிரியே இல்ல."

"போன் பண்ணா எப்பவும் கிடைப்பானா?"

"கிடைப்பான். மூணே மூணு தடவை பாதியில கட் ஆச்சு. திரை கறுத்துப் போயிடும். அப்புறம் ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டு நெட் போச்சும்பான்."

டாக்டர் போனை நீட்டினார். தேதியும் நேரமும் அதிலேயே இருந்தன. எட்டாம் தேதி காலை பத்து மணி. பத்தொன்பதாம் தேதி மதியம் ஒன்று நாற்பது. இருபத்தேழாம் தேதி மாலை நாலு பதினேழு.

"பத்தொன்பது அம்மா போன நாள்," என்றார் டாக்டர். "அம்மா முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே கட் ஆயிடுச்சு."

நான் முதல் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் தேதியைச் சாகும்வரை மறக்கமாட்டேன். அன்றுதான் பேங்க் லிப்டில் ஒரு கர்ப்பிணியோடும் ஒரு காவல் நாயோடும் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன்.

"மேடம், எட்டாம் தேதி சரியா பத்து மணிக்கு நம்ம ஊர்ல கரண்ட் போச்சு."

"தெரியும். வந்து நீ அந்த நாயைப் பத்தி ரெண்டு நாள் பேசினே."

"பத்து மணிக்கு இங்க கரண்ட் போகுது, பத்து மணிக்கு அங்க தம்பி போன் கட் ஆகுது. கடல் தாண்டி லைன் இழுத்திருக்காங்களா என்ன?"

வேடிக்கையாகத்தான் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. மூன்று தேதியையும் நேரத்தையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

டாக்டரிடம் மேடம் அதிகம் விளக்கவில்லை. தான் போன் செய்யும்வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். இன்றைக்கு விட்டால் பிளாட் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பதாக டாக்டர் வாசலில் நின்று இரண்டு முறை சொன்னார். ஆனவரைக்கும் காத்திருக்கிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

மின்சார அலுவலகத்தில் போர்மேன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றோம். மனிதருக்கு எரிச்சல். புகார் நோட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

"எட்டாம் தேதி பாதி ஊருக்கே பராமரிப்பு வேலை," என்றார் வாயில் சோற்றோடு. "பேப்பர்லயே போட்டோமே. யார் படிக்கிறீங்க?"

"பத்தொன்பது, ஒண்ணு நாப்பது?" மேடம் கேட்டார்.

"மரக்கிளை விழுந்துச்சு. கிழக்குப் பக்கம் பூரா போச்சு."

இரண்டாவதும் ஒத்துப்போனது. நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இருபத்தேழு, நாலு பதினேழு?"

"அது டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போச்சு. பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால. நாலே தெருதான் அது. ஊர்ல வேற எங்கயும் போகல." போர்மேன் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "ஏன், ஏதாவது கெட்டுப்போச்சா? நஷ்ட ஈடெல்லாம் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தேன்.

"ஒரு தடவைன்னா தற்செயல். மூணு தடவையும் நிமிஷம் தப்பாம ஒத்துப்போனா?" என்றார் மேடம் பின்னால் ஏறிக்கொண்டே. "அந்தப் பையன் எந்த வெளிநாட்டுலயும் இல்ல. நாலு தெருவுக்குள்ள இருக்கான்."

"கடத்தி வெச்சிருக்காங்களா மேடம்? கட்டிப் போட்டு, கழுத்துல கத்தியை வெச்சு..."

"தெரியல. ஓட்டு."

நாலு தெரு என்பது சொல்லச் சுலபம். போய் நின்றால் முன்னூறு கதவு. ஒவ்வொன்றாகத் தட்டி, 'இங்கே வெளிநாடு இருக்கிறதா' என்று கேட்க முடியுமா? மணி ஒன்றரையைத் தாண்டிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. மேடம் தன் போனில் டாக்டர் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். வீடியோவில் பேசும்போது எடுத்த படங்கள். சோபா, பின்னால் பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மேகமும் உயரமான கட்டிடங்களும், நடுவில் தம்பி.

"வாயாடி, இவன் என்ன போட்டிருக்கான்?"

"ஸ்வெட்டர். கழுத்துல கம்பளித் துண்டு."

"எல்லாப் படத்துலயும் ஸ்வெட்டர். நீலம், சாம்பல், மறுபடி நீலம். இந்த வெயில்ல, இந்த நாலு தெருவுல, வாராவாரம் ஸ்வெட்டரைத் துவைக்கப் போடுற ஆள் யாரு?"

அடுத்த நிமிடமே நான் சலவைக் கடையைத் தேடி ஓடினேன். மூன்றாவது தெரு முனையில் இருந்தது. கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்வெட்டரா? அதை ஏன் கேக்குறீங்க, என் உசுரை வாங்குது. காயவும் மாட்டேங்குது, தேய்க்கவும் முடியல. பழைய பர்னிச்சர் ஷோரூம் இருக்கு பாருங்க, மூடிக் கிடக்குமே, அது மாடியிலேர்ந்து ஒரு தம்பி கொண்டாந்து கொடுக்கும். விடியறதுக்குள்ள வரும். தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு, முகத்தையே காட்டாது."

"கூட யாராவது வருவாங்களா?" என்று கேட்டார் பின்னால் வந்த மேடம்.

"யாரும் வரமாட்டாங்க. தனியாத்தான். போன வாரம் நீலத்துல ஒரு நூல் பிரிஞ்சிருக்குன்னு என்னை என்ன பேச்சுப் பேசிச்சு தெரியுமா!"

மேடமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தம்பியின் பழைய குறை சொல்லும் வாய் திரும்பி வந்திருந்தது. அதைவிட மோசம், கட்டிப் போடப்பட்டவனுக்குத் தனியாக நடந்து வந்து சண்டை போட நேரம் ஏது? கத்தியும் கயிறுமாக நான் கட்டிய கதை அப்படியே சரிந்தது. எனக்கு அந்தப் பையன்மேல் முதல் முறையாகக் கோபம் வந்தது.

மேடம் அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் செய்தார். நான் போனில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.

"கையெழுத்துப் போடாதீங்கம்மா. உங்க தம்பி இந்த ஊர்லதான் இருக்கான்."

மறுமுனையில் டாக்டரின் குரல் இறுகி வந்தது. "மேடம், இப்பதான் அவன்கிட்ட வீடியோவுல பேசினேன். ஜன்னல்கிட்ட நிக்கிறான். வெளிய மேகமா இருக்கு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். நீங்க யாரையோ பார்த்துட்டு... நான் தெரியாம உங்ககிட்ட வந்துட்டேன். ஏஜென்ட் பக்கத்துல இருக்காரு, பத்திரம் ரெடி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன், போதும்ல?"

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

"அவ நம்மளை நம்ப மாட்டா," என்றார் மேடம். "தம்பி வாயால வந்தாத்தான் நம்புவா. மணி என்ன?"

"ரெண்டு இருபத்தஞ்சு."

பர்னிச்சர் ஷோரூமின் முன் ஷட்டர் துருப்பிடித்துக் கிடந்தது. பக்கவாட்டுச் சந்தில் ஒரு இரும்புப் படி. அதன் அடியில் இரண்டு பெரிய ஏசிகள் உறுமிக்கொண்டிருந்தன. மேலே ஒரே ஒரு கதவு. வெளியே பூட்டு இல்லை. உள்ளேயிருந்து தாழ் போட்டிருந்தது.

மேடம் தட்டினார். "சலவைக் கடையிலேர்ந்து. ஸ்வெட்டர்ல நூல் பிரிஞ்சிருக்காம்."

"அதைத்தான் போன வாரமே சொன்னேன்!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தான் தம்பி.

எங்களைப் பார்த்ததும் மூட முயன்றான். என் கால் ஏற்கெனவே உள்ளே இருந்தது. நான் பெரிய பலசாலி இல்லை, ஆனால் கனமானவன்.

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. விசாலமான இருண்ட கூடத்தில் ஒரே ஒரு மூலைக்கு மட்டும் வெளிச்சம். அந்த மூலையில் வெளிநாடு இருந்தது. இரண்டு சுவர், ஒரு சோபா, ஒரு பூச்சாடி. ஜன்னல் என்று பார்த்தது ஒரு சட்டத்துக்குள் ஒட்டிய பெரிய அச்சுத் தாள். பின்னால் டியூப்லைட் எரிந்தது. பக்கத்திலேயே இரவு நேரத்துக்கு ஒரு தாள், மழைக்கு ஒரு தாள் என்று சுருட்டி வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு முக்காலியில் போன் பொருத்தியிருந்தது.

சோபாவுக்குப் பக்கத்துக் கம்பியில் அவனுடைய ஸ்வெட்டர்களோடு ஒரு பெண்ணுடைய கம்பளிக் கோட்டும் தொங்கியது. விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை.

"இது யாருக்கு?" என்றார் மேடம்.

அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"உங்க அக்காவுக்கா? அடுத்து இந்தச் சோபாவுல உட்காரப்போறது அவங்களா?"

அவன் சோபாவில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அவனாகவே சொன்னான். முதலில் ஏமாந்தது அவன்தான். அவனுடைய மனைவியின் அண்ணன் இதே சோபாவில் உட்கார்ந்து, 'மாப்ள, வீடு அருமை' என்று வீடியோவில் சொன்னாராம். நம்பி, தன் பங்கு நிலத்தை விற்றுக் கொடுத்தான். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய அன்றுதான் விசா இல்லை, வேலை இல்லை, பிளாட் இல்லை என்று தெரிந்தது. நிலத்தை விற்றதற்காகக் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவி, அவன் வெளிநாட்டில் இருப்பதாகவே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நிலம் திரும்ப வேணும்னா, உன்னை நம்புற ஒரு ஆளைக் கூட்டிட்டு வான்னாரு ஏஜென்ட். முடியாதுன்னேன். அதுக்கு முன்னாடியே வெத்துக் காகிதத்துல எல்லாம் கையெழுத்து வாங்கி வெச்சிருந்தாரு மேடம். இப்ப அதுல நான்தான் பிளாட் விக்கிறவன்னு எழுதியிருக்கு. போலீஸ் வந்தா என்னைத்தான் பிடிக்கும். மச்சான் எங்க போனாருன்னு கேட்டேன். அவர் வேலை முடிஞ்சுதுன்னு மட்டும் சொன்னாரு."

"அக்கா கையெழுத்துப் போட்டா உன் வேலையும் முடிஞ்சுது," என்றேன். எப்போதும்போல் நக்கலாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது அது நக்கலாக இல்லை.

மேடம் அவன் எதிரில் முக்காலிக்குப் பின்னால் நின்றார். அங்கே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"பத்தொன்பதாம் தேதி இங்கதான் இருந்தியா?"

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "பஸ்ஸுல இருபது நிமிஷம் மேடம். கரண்ட் போச்சு. இருட்டுல இங்கதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம். எப்பிடிடா வந்தேன்னு அக்கா கேட்டா என்ன சொல்றதுன்னு..."

முக்காலியில் போன் ஒலித்தது. அக்கா என்று திரையில் வந்தது. மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

"நான் பேசமாட்டேன்," என்றார் மேடம் விலகி நின்று. "நீ பேசு."

அவன் கண்ணைத் துடைத்தான். கம்பளித் துண்டைச் சரி செய்தான். விரல் தன்னால் போய்ப் பொத்தானை அழுத்தியது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், பழகிப்போன சிரிப்பு.

"அக்கா! இங்க லேசா மழை வர்ற மாதிரி இருக்கு."

திரையில் டாக்டர். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை.

"தம்பி, யார் யாரோ என்னென்னவோ சொல்றாங்கடா. நீ சொல்லு. போட்டுடட்டுமா?"

அவன் வாய் திறந்தபடியே இருந்தது. அவன் திடீரென்று எழுந்து, பின்னால் திரும்பி, இரண்டு கையாலும் ஜன்னலைப் பிடித்துக் கிழித்தான். மேகமும் கட்டிடங்களும் நடுவில் பிளந்து தொங்கின. பின்னால் அழுக்குச் சுவரும் டியூப்லைட்டும் தெரிந்தன.

"போடாதக்கா! நான் எங்கயும் போகல. பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கேன்."

டாக்டர் முகம் திரையை நெருங்கி வந்தது.

"எப்பத்திலேர்ந்துடா?"

"போகவே இல்லக்கா."

"அப்போ அம்மா..." என்று ஆரம்பித்தார் டாக்டர். முடிக்கவில்லை. திரையில் பதிவு அலுவலகத்தின் கூரை தெரிந்தது. போனை மேஜையில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. நாற்காலி ஒன்று பின்னால் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ வேகமாக நடந்து போனார்கள்.

பதிவு அலுவலகத்துக்கு நாங்கள் மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம். வெள்ளைச் சட்டை ஏஜென்ட் பின்வாசல் வழியாக எப்போதோ மறைந்திருந்தான். மேடம் போலீஸ் நண்பர் ஒருவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார், அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் பத்திரம். கையெழுத்து இடம் காலி.

தம்பி ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான். டாக்டர் அவனைப் பார்க்கவில்லை.

"வீடு தப்பிச்சுது மேடம்," என்றார். "ஆனா அவனை இனி எப்பிடி அந்த வீட்டுக்குள்ள விடுவேன்? அக்காவையே ஏமாத்த எப்பிடி மனசு வரும்? எப்பிடி வாய் வரும்?"

நல்ல கேள்விதான். நானும் மனசுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து, ஷோரூம் சுவரில் எடுத்த படத்தைக் காட்டினார். அந்தக் காகிதத்தில் ஏஜென்ட் கட்டம் போட்டு எழுதியிருந்தான். இடது பக்கம் சொன்னவர், வலது பக்கம் நம்பினவர். மச்சான் சொல்ல, தம்பி நம்பினான். தம்பி சொல்ல, டாக்டர் அக்கா. அதோடு முடியவில்லை. கீழே இன்னொரு வரி இருந்தது. இடது பக்கம் டாக்டர் அக்கா. வலது பக்கம் கிளினிக் நர்ஸ். பக்கத்தில் இன்றைய தேதியும் ஒரு சரி அடையாளமும்.

"நர்ஸம்மாகிட்ட நீங்க ஏதாவது சொன்னீங்களா?" மேடம் மெதுவாகக் கேட்டார்.

டாக்டர் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். "அவளும் புருஷனோட அங்க வரணும்னு ரொம்ப நாளா ஆசைப்பட்டா. அதே கட்டிடத்துல மேல் மாடி காலியா இருக்குன்னு... நான்தான்..." மேலே பேசாமல் போனை எடுத்து நம்பரைப் போட்டார். ஸ்பீக்கரில் நர்ஸின் குரல் உற்சாகமாக வந்தது.

"டாக்டர்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். காலையில பதினோரு மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டோம் டாக்டர், நானும் அவரும். வீட்டைப் பார்க்காம எப்பிடிடி எழுதிக் கொடுக்கிறேன்னு மாமியார் ஒரே சண்டை. எங்க டாக்டரோட சொந்தத் தம்பியே பார்த்தாரு, டாக்டரே என்கிட்ட சொன்னாங்கன்னேன். அவ்வளவுதான், அதுக்கு மேல வாயே திறக்கல."

டாக்டர் நிமிர்ந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியை அப்போதுதான் பார்த்தார்.

"சொல்லுங்க டாக்டர்," என்றாள் நர்ஸ். "லைன்ல இருக்கீங்களா?"